ஏழாவது ஆணி

நவம்பர் 14

இந்த ஏட்டில் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாகத் திருப்பவும் மாட்டேன். இப்படிக்கு, ம. தமயந்தி, பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு, தாழையூர்.

ஏடு உண்மையில் அம்மாவுடையது. அம்மா இந்த ஊர் மின்வாரிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். ஊரில் ஏ.ஈ. மேடம் என்றால்தான் தெரியும். போன வாரம் திருச்சியில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ‘தலைமைப் பொறுப்பில் இருப்போருக்கான மனத்திடம்’ என்று மஞ்சள் அட்டையில் அச்சடித்த இந்த ஏட்டைக் கொடுத்து, தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு வரி இருக்கிறது. ‘இன்றைய அழுத்த அளவு, ஒன்று முதல் பத்து வரை.’ ‘இன்று நான் நன்றி சொல்ல விரும்பும் ஒன்று.’

“அங்க என்னம்மா சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“கவலைய எல்லாம் பலூன்ல ஊதி, முடிச்சுப் போட்டு, ஊசியால குத்தச் சொன்னாங்க.”

“குத்துனியா?”

“பாதி ஊதறதுக்குள்ள போன் வந்துடுச்சு. டிரான்ஸ்பார்மர்ல ஓணான் விழுந்துடுச்சுன்னு.”

ஏட்டை என் மடியில் போட்டாள். “நீ எழுது. உனக்குத்தான் பேப்பரக் கண்டா கை அரிக்கும்.”

நாளை மறுநாள் விடியும்முன் புயல் கரையைக் கடக்கும் என்கிறார்கள். அப்பா வேலை பார்க்கும் திருப்பூரிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார்.

அழுத்த அளவு: எனக்கு 2. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் வீட்டில் இல்லை.

நவம்பர் 16

புயல் வந்து போய்விட்டது. எங்கள் குடியிருப்பு மின்வாரிய அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. பழைய கான்கிரீட் கட்டடம் என்பதால் தப்பித்தோம். வெளியே வந்தால் ஊரைக் காணவில்லை. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றன. எங்கள் பிரிவில் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள் விழுந்துவிட்டன. மொபைல் டவரும் விழுந்துவிட்டது. அம்மா ஒரு குயர் நோட்டை எடுத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனவள், மாலையில் வந்து நின்றபடியே ரொட்டி தின்றுவிட்டு மறுபடி போனாள்.

ஏட்டின் ஆறாம் பக்கம் சொல்கிறது: ‘அழுத்தம் கூடும்போது பத்து நிமிடம் பூங்காவில் நடந்து வாருங்கள்.’ இதை எழுதியவரை ஒரு முறை தாழையூருக்குக் கூட்டி வர வேண்டும். இங்கே பூங்கா எப்போதும் இருந்ததில்லை. நடக்கலாம் என்றால் சாலையின்மேல் புளியமரம் கிடக்கிறது.

நன்றி: யாருக்கும் இல்லை.

நவம்பர் 17

அம்மா என் கேரம் போர்டில் ஆணி அடித்துவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை.

காரணத்தையும் எழுத வேண்டும். கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும்போது அந்தத் தடத்தில் மின்சாரம் விடக் கூடாது. வழக்கமாகக் கம்பத்திலிருப்பவர் வேலை முடிந்து இறங்கியதும் போனில் சொல்வார். இப்போது போன் இல்லை. அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் எல்லோரும் பைக்கில் அலுவலகத்துக்கு வந்து, இங்கிருந்து லாரியில் போகிறார்கள். போகும்முன் ஒவ்வொருவரும் தன் வண்டிச் சாவியைப் போர்டின் பின்பக்க ஆணியில் மாட்ட வேண்டும். திரும்பி வந்து அவரவர் கையால்தான் எடுக்க வேண்டும். ஆணியில் சாவி தொங்கினால் ஆள் இன்னும் மேலே இருக்கிறார் என்று அர்த்தம்.

“வண்டி இல்லாம எவனும் வீட்டுக்குப் போக மாட்டான். அதனால மறக்கவும் மாட்டான்” என்றாள் அம்மா.

பதினான்கு ஆணி. கீழே பெயர்களை நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருப்பதால். ஏழாவது ஆணி ஆரோக்கியசாமி அண்ணனுடையது. அவர் ஒயர்மேன். பேரைப் பார்த்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகையில கூட எம்பேர இவ்வளவு அழகா போடல பாப்பா” என்றார். அவருக்குத் துணையாளாகக் காத்தமுத்து அண்ணன். பன்னிரண்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு வண்டி இல்லை, அதனால் ஆணியும் இல்லை.

“யாரு கேட்டாலும் சாவியத் தொட்டுக் குடுக்காத. மினிஸ்டரே வந்தாலும்” என்று அம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

நவம்பர் 18

தண்ணீர் பிடிக்க நான்கு நடை. கை எரிகிறது.

நவம்பர் 19

அடிகுழாயருகே என் வகுப்பு நிவேதா கேட்டாள்: “உங்க வீட்டுல ஃபேன் ஓடுதாமே. எங்கப்பா சொன்னாரு.”

“ஓடலடி.”

“ஈபி ஆளுங்க வீட்டுலயா ஓடாது?”

அம்மாவின் உத்தரவு, ஊரில் கடைசி வீட்டுக்கு வந்த பிறகுதான் குடியிருப்புக்கு மின்சாரம். துணை மின்நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது அடி. ஒரு கம்பியை இழுத்தால் போதும். இழுக்கவில்லை. அதை நிவேதாவிடம் சொன்னேன். நம்பவில்லை. குடத்தை அவள் காலருகே ‘ணங்’கென்று வைத்துவிட்டு வந்தேன். ஏட்டின் ஒன்பதாம் பக்கம், ‘விமர்சனத்தைப் புன்னகையுடன் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்கிறது. முடியாது.

அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருந்தாள். பிறகுதான் நினைவு வந்தது, குழாயில் தண்ணீரே வருவதில்லை. வாளித் தண்ணீரைத்தான் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிச் சத்தம் உண்டாக்கியிருக்கிறாள்.

நவம்பர் 20

நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு இருநூறு பேர் அலுவலக வாசலுக்கு வந்தார்கள். முன்னால் ரைஸ்மில் பன்னீர். ஊரின் மேற்குப் பக்கத்துக்கு மின்சாரம் தரும் தடமான மூன்றாம் ஃபீடர் இன்னும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் அதில்தான் ஓடுகிறது.

“அஞ்சு நாளாச்சு மேடம். எங்க புள்ளைங்க உப்புத் தண்ணி குடிக்குது. நீங்க என்னா பேப்பர் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க?”

“கம்பத்துல ஆள் இருக்காங்க. இறங்குனதும் விடறேன்.”

“அதத்தான் காலையிலயும் சொன்னீங்க.”

“காலையிலயும் ஆள் இருந்தாங்க.”

இந்தப் பேச்சு கேட்டருகே பத்து நிமிடத்துக்கு மேல் நடந்தது. நான் உள்ளே ஆணிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து நூலகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். பலகையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா வாசலுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து பலகையைப் பார்த்தபோது மூன்றாம் ஃபீடர் ஆட்களின் ஆணிகள் எல்லாம் காலி. மற்றவர்கள் முன்பே திரும்பியிருந்தார்கள், இப்போது ஏழாவது ஆணியும் காலி.

அம்மா இன்டர்காமை எடுத்து, “மூணாம் ஃபீடர் எல்லாரும் வந்தாச்சு. சார்ஜ் பண்ணுங்க” என்றாள். மின்சாரம் விடு என்று அர்த்தம்.

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வேப்பமரத்தடியில் ஆரோக்கியசாமி அண்ணனின் சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் வந்து சாவி எடுத்திருந்தால் வண்டி அங்கே இருந்திருக்காது.

நான் என் அம்மா ஓடி ஒரு நாளும் பார்த்ததில்லை. ரிசீவர் கீழே தொங்கி ஆடியது. ஒரு செருப்பு அறையிலேயே கிடந்தது. “நிறுத்து, நிறுத்து” என்று கத்திக்கொண்டே துணை மின்நிலையத்துக்கு ஓடினாள். ஆபரேட்டர் பதிவேட்டில் நேரம் எழுதி முடித்து, சுவிட்சில் கை வைத்திருந்தாராம்.

அதன் பிறகு அம்மா கேட்டருகே வந்து நின்றாள். ஒற்றைச் செருப்புடன். “ஆரோக்கியசாமி இந்த வாசல்ல வந்து நின்னாத்தான் கரண்ட். அதுவரைக்கும் இல்ல.”

அவர் மரம் விழுந்த வாய்க்கால் பக்கம் எங்கோ இருந்தார். கண்டுபிடித்துக் கூட்டி வர மூன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் மறியல், பேருந்துகள் நின்றன, கல் எறிந்து அலுவலகக் கண்ணாடியை உடைத்தார்கள். வயர்லெஸ்ஸில் மேலதிகாரியான ஈ.ஈ. சார் திட்டினார். அம்மா எல்லாவற்றுக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகள் மட்டும் நடுங்கின. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் பின்னால் நின்றிருந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டாள்: “சாவி போகும்போது நீ எங்க இருந்த?”

பதில் சொன்னேன்.

அழுத்த அளவு: இந்தக் கேள்வியை யார் கண்டுபிடித்தது?

நவம்பர் 21

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 22

ஈ.ஈ. சார் ஜீப்பில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஆறு நாளாக இந்த ஊரில் நான் பார்த்த முதல் இஸ்திரிச் சட்டை.

“மூணரை மணி நேரம் ஊரே கொதிச்சிருக்கு. கலெக்டர் ஆபீஸ்லருந்து எனக்கு எட்டு கால். இதுக்குத்தான் உங்கள டிரெய்னிங் அனுப்புனமா?”

“ஆள் மேல இருந்தாரு சார்.”

“அப்ப சாவி எப்படிப் போச்சு?”

காத்தமுத்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“சாவிய எடுத்தியா?”

“எடுத்தேங்க. ஆரோக்கியசாமிக்குத் தலய சுத்துச்சு. சுகர் மாத்திரை வண்டி டப்பாவுல இருந்துச்சு. மாத்திரைய எடுத்துட்டு அவசரத்துல சாவியையும் இடுப்புல சொருகிட்டுப் போயிட்டேன்.”

“நாளையிலருந்து வராத.”

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம், இரண்டு வார்த்தை. காத்தமுத்து அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஈ.ஈ. சார்மேல் வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. ஒரு மனிதரை இப்படியா அனுப்புவது? உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டிருக்கக் கூடாதா? அநியாயம். அதிகாரம் இருக்கிறவர்கள் எல்லாம் கோழைகள்.

மேலே உள்ள வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

நவம்பர் 23

நிவாரண அரிசி வரிசையில் காத்தமுத்து அண்ணன் எனக்கு நான்கு பேர் முன்னால் நின்றார். நான் வரிசையை விட்டு வந்துவிட்டேன். அரிசி ஏன் வாங்கவில்லை என்று அம்மா கேட்டாள். கூட்டம் என்றேன்.

வழியில் அவரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்துவிட்டார்.

“படிக்கிறியா பாப்பா? பரீட்சை வருதுல்ல.”

“படிக்கிறேன்.”

“ம்.”

நான் கேட்டுவிட்டேன். “ஏண்ணா முழுசா சொல்லல?”

“எடுத்தியான்னு கேட்டாங்க, எடுத்தேன்னேன். வேற ஒண்ணும் யாரும் கேக்கல. நாம சொல்றத இவங்க எழுதிக்கவா போறாங்க?” சைக்கிள் மணியைக் கட்டை விரலால் துடைத்தார். “உங்கம்மா நல்லவங்க. ஆனா வீட்டுல அடுப்பு எரியணும்ல.”

அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 24

ஏட்டின் பதினாறாம் பக்கம்: ‘தவறை ஒப்புக்கொள்ளும் தலைவரே உறுதியானவர்.’ கூடவே ஒரு படம். கோட்டு போட்ட ஒருவர் மலையுச்சியில் கைகளை விரித்து நிற்கிறார். பேனாவால் அவருக்கு மீசை போட்டு, பல்லைக் கறுப்பாக்கினேன்.

மின்சாரம் இன்று தொண்ணூறு சதவீதம் ஊருக்கு வந்துவிட்டது. பன்னீர் தன் மில் ஓடுகிறது என்று அலுவலகத்துக்கு ஒரு சிப்பம் அரிசி அனுப்பினார். அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். “கல்லு எறிஞ்சவருக்கு இப்ப அரிசி எறியத் தோணுதாக்கும்” என்றாள். சிரிக்கவில்லை.

நவம்பர் 25

இன்றையதை நீளமாக எழுத வேண்டும்.

காலையில் அம்மா இரண்டு தாள்களுடன் வந்தாள். ஈ.ஈ. சார் கேட்ட அறிக்கை. அலுவலக பிரிண்டர் மழையில் நனைந்து கெட்டுவிட்டது. “உன் கையெழுத்துல நல்லா ஒரு பிரதி எடுத்துக் குடு. என் கை ஆடுது, எழுத்து கோழி கிண்டுன மாதிரி வருது.”

வரைவு ஈ.ஈ. சார் சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. முதல் பக்கம் புயல், கம்பங்கள், எண்கள். எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘அன்று அறையில் எவரும் இல்லாத வேளையில், ஒப்பந்தத் தொழிலாளி காத்தமுத்து எவருடைய அனுமதியுமின்றி ஏழாவது ஆணியிலிருந்து சாவியை எடுத்துச் சென்றார். அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார்.’

“இத நீ நம்புறியாம்மா?”

“பன்னெண்டு வருஷத்துல அவன் கேக்காம ஒரு ஸ்பேனரத் தொட்டதில்ல.” அம்மா கண்ணைத் தேய்த்தாள். “ஆனா ரூம்ல யாரும் இல்லல்ல. நீ பாத்ரூம் போயிருந்த.”

‘அன்று அறையில் எவரும்’ வரை எழுதினேன். ‘எவரும்’ மிக அழகாக வந்திருந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. அதைத் திருப்பிப் பார்த்தேன், மை இருந்தது.

இருபதாம் தேதி நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நான் பாத்ரூம் போகவில்லை. பலகையின் கீழேயே இருந்தேன். கதையில் கப்பல் பாறையில் மோதும் இடம். காத்தமுத்து அண்ணன் வந்து, “பாப்பா, ஆரோக்கியசாமி சாவியக் குடு, மாத்திரை எடுக்கணும்” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்து நின்றார். நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஒரு கையைத் தூக்கி, ஏழாவது ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். பெயர்களை நானே எழுதியதால் பார்க்காமலே எந்த ஆணி என்று தெரியும். அதில் அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அறிக்கையில் ‘எவரும்’ என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: ‘அன்று அறையில் என் மகள் தமயந்தி இருந்தாள். காத்தமுத்து அவளிடம் கேட்டார். சாவியை எடுத்துக் கொடுத்தது அவள்.’ தாளை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா படித்தாள். மறுபடி படித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம்.

“அஞ்சு நாள்” என்றாள். “அஞ்சு நாளா எதிர்ல ஒக்காந்து சோறு தின்னிருக்க.”

“பயமா இருந்துச்சும்மா.”

“எனக்கு இல்லையா? இருநூறு பேரு முன்னாடி நின்னப்ப எனக்கு இல்லையா?” இத்தனை நாளில் முதன்முறையாக அம்மாவின் குரல் உடைந்து மேலே போனது. ரொட்டி டப்பா சுவரில் மோதி விழுந்தது. “ஒரு ஆளு கருகியிருப்பான் தமா. நான் சொன்ன ஒரு வார்த்தையில. அத நெனச்சுக்கிட்டு தெனமும் பாத்ரூம்ல…”

மாலை ஐந்து மணிக்கு, “செருப்பப் போடு” என்றாள்.

அலுவலகத்தில் எல்லோரும் வேலை முடித்துச் சாவி எடுக்க வரும் நேரம். காத்தமுத்து அண்ணனையும் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தாள். என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். “சொல்லு.”

சொன்னேன். குரல் சின்னதாக வந்தது. “கேக்கல” என்றாள் அம்மா. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

ஆரோக்கியசாமி அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பரவாயில்லை பாப்பா என்பார் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், எதிர்பார்த்தேன், அதையும் எழுதுகிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு” என்றார். “சின்னதுக்கு நாலு வயசு.” வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மற்றவர்களைப் பார்த்துப் பேசினாள். “இவ செஞ்சது இவ தப்பு. இவள அங்க ஒக்கார வெச்சது என் தப்பு. அதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. நான் ஆளப் பாக்காம ஆணியப் பாத்தேன். நாளையிலருந்து சாவி மட்டும் பத்தாது. ஒவ்வொருத்தரும் எதிர்ல வந்து நின்னு, வந்துட்டேன்னு சொல்லணும். உங்க வாயால கேட்டாத்தான் ஃபோன எடுப்பேன்.” பிறகு காத்தமுத்து அண்ணனிடம், “நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடு” என்றாள்.

“ஈ.ஈ. அய்யா?”

“அவருகிட்ட எழுதிக் குடுத்தாச்சு.”

“சும்மா ஏம்மா உங்களுக்கு வம்பு…”

“வாய மூடிட்டு வான்னா வா.”

ஒரு ஆணியும் கூடுதலாக அடித்தாள். பதினைந்தாவது. அதன் கீழே காத்தமுத்து என்று எழுதச் சொன்னாள். அவர் சைக்கிள் சாவியை எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 26

அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. மதியமே அம்மாவுக்கு மெமோ வந்தது. ஈ.ஈ. சார் போனில் பேசியது பக்கத்து நாற்காலிவரை கேட்டது: “நான் முடிச்சுக் குடுத்த விஷயத்த நீங்களே எடுத்துத் தலையில போட்டுக்கிட்டீங்க. இனிமே உங்க ஃபைல் சுத்தமா இருக்காது.”

“சரி சார்” என்றாள் அம்மா. “நாலாம் ஃபீடர்ல ஆள் இருக்காங்க. வைக்கட்டுமா?”

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஈ.ஈ. சார்மேல், இந்த ஏட்டைத் தயாரித்தவர்கள்மேல், பன்னீர்மேல், கதையில் மோதிய அந்தக் கப்பல்மேல். யார்மேல் அதிகம் என்று ஒன்று முதல் பத்து வரை போட்டால், பத்து எனக்குத்தான்.

இன்று மாலை ஆறரை மணிக்கு ஊரின் கடைசி வீட்டுக்கும் மின்சாரம் வந்துவிட்டது. அதன் பிறகு எங்கள் குடியிருப்புக்கு விட்டார்கள். பதினோரு நாள் கழித்து ஃபேன் சுற்றியது. எல்லா அறையிலும் விளக்கு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். புயலுக்குப் பிறகு அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை இன்றுதான் பார்த்தேன். ரசம் சோறு.

“அந்த மஞ்ச ஏட்டுல இன்னைக்கு என்னா கேட்டிருக்கான்?” என்றாள்.

“தினமும் அதே கேள்விதாம்மா. இன்று நான் நன்றி சொல்ல விரும்பும் ஒன்று.”

அம்மா விரலில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

“ஆரோக்கியசாமி வண்டின்னு எழுது. மரத்தடியில நின்னுச்சே, அதுக்கு.”

எழுதினேன். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். கைகள் மடியில் இருந்தன. இன்னும் லேசாக நடுங்கின, அவள் இன்று அவற்றை மறைக்கவில்லை.

“கண்ணு கூசுது தமா. எல்லாத்தையும் அணைச்சிட்டு இங்க வந்து ஒக்காரு.”

மணி ஏழே முக்கால். இந்த வரியை ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வீட்டில் விளக்குகள் அணைக்கப்பட்டன. அணைத்தது நான்.